மீன் தொட்டிக்குக் கீழே வைத்திருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரைக் கழுவி மாட்டியதும் ஒழுகுகிறது. நாங்கள் இருப்பது வாடகை வீடு. மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) மாற்றினால் போதுமா?

வாங்கக் கிளம்புவதற்கு முன், அந்த ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை ஒருமுறை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். நேற்று வரை ஒழுகாத ஃபில்டர் கழுவிய அன்றே ஒழுகுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மூடிய விதத்தைத்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றடித் தொட்டி, 150 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். ஏஞ்சல் மீன்கள். அப்போது எனக்கு முதுகுவலி, குனிந்து தூக்க முடியாது. அதனால் கடையிலிருந்து ஓர் ஆள் வந்து ஃபில்டரைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார். சுவிட்சைப் போட்டு, தண்ணீர் ஓடுவதைக் காட்டி, காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரவு அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஹாலில் கால்மிதி சொதசொதவென்று இருந்திருக்கிறது. நான் எழுந்து மெயினை அணைத்தேன். ஆனால் ஒழுகுவது நிற்கவில்லை.

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஃபில்டர் தொட்டிக்குக் கீழே இருக்கிறது. மோட்டார் நின்றாலும் தொட்டித் தண்ணீர் தன் எடையாலேயே குழாய் வழியாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு ஹோஸிலும் உள்ள வால்வை மூடினால்தான் நிற்கும். அதனால் ஈரம் தெரிந்ததும் காய்ந்த கையால் கரண்டை அணையுங்கள், உடனே வால்வுகளை மூடுங்கள். இரண்டும் செய்தாக வேண்டும்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பள்ளத்தில் கடுகளவு நத்தை ஓட்டுத் துண்டு ஒன்று. அது இருந்த இடத்தில் ரிங்கில் ஒரு சின்னக் குழி. பக்கத்தில் போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்து சொரசொரவென்று இருந்தது. ரிங்கில் கிரீஸ் தடவிய அறிகுறியே இல்லை. அதே ரிங்தான், பள்ளத்தைத் துடைத்து, உப்பை எலுமிச்சைச் சாற்றால் கரைத்து எடுத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவி மூடியதும் ஒழுகவில்லை. (வேஸ்லின் போதுமே என்று சிலர் சொல்வார்கள். சில வகை ரப்பரை அது ஊதவைத்துவிடும். உங்கள் ரிங் எந்த ரப்பர் என்று தெரியாதபோது எதற்கு வம்பு?)

அதற்காக ரிங்கை மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருடக்கணக்கில் நசுங்கித் தட்டையான ரிங்கை ஒருமுறை கழற்றிவிட்டால் மறுபடி சரியாகப் பொருந்தாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

மூடி எளிதாக உட்காரவில்லை என்றால் கிளிப்பை அழுத்திப் பூட்டாதீர்கள். உள்ளே கூடையில் ஸ்பாஞ்ச் அதிகமாகத் திணித்திருப்பீர்கள், அல்லது கூடை கோணலாக நிற்கும். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை. சுத்தமான ரிங் அதைச் சாதாரணமாகத் தாங்கும். பலவந்தம் செய்தால் கிளிப்தான் உடையும். எதிரெதிர் கிளிப்புகளைச் சேர்த்துப் பூட்டினால் மூடி ஒரு பக்கம் சாயாது.

ஹோஸ் நுனி விறைத்திருந்தால் ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, வெந்நீரில் முக்கி, ஃபில்டரின் இணைப்பில் அடி வரை ஏற்றுங்கள்.

மாட்டியதும் பிளக்கைச் சொருகாதீர்கள். வால்வைத் திறந்து தண்ணீர் நிரம்பவிட்டு, மூடியைச் சுற்றியும் ஹோஸ் இணைப்புகளிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஒரு சொட்டு என்றாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு மோட்டாரைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைப்பதும் நல்லது, ஆனால் தொட்டித் தண்ணீர் முழுவதையும் டப் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள்.

நீங்களும் வாடகை வீடு என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு டைல்ஸில் ஒரு கறைகூட இல்லை, ஊறிப்போனது எங்கள் சொந்த பிளைவுட் ஸ்டாண்டுதான். ஆனாலும் காலி செய்தபோது ஹவுஸ் ஓனர் “தண்ணி கொட்டின வீடு” என்று சொல்லி அட்வான்ஸில் ஒரு பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார். பெயிண்டிங்குக்குத் தனியாக வேறு. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. சென்னையில் பத்து மாதம் கொடுத்துவிட்டு, நம் பணத்தைக் கேட்க நாமே கூச்சப்பட்டு நிற்கிறோம். குடி போகும் அன்றே தரை, சுவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

ரிங் வாங்குவதாக இருந்தால் ஃபில்டரின் மாடலைச் சொல்லி வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கண் அளவில் எடுத்தால் தடிமன் பொருந்தாது.