சர்க்கரையைப் புளிக்க வைத்தால் எத்தனால் என்பது எல்லாருக்கும் தெரியும். பிறகு தாவர எரிபொருளுக்கு அரசுப் பணத்தில் தனி ஆய்வு மையம் எதற்கு?

புளிக்க வைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. தண்டுக்குள் பூட்டிக் கிடக்கும் சர்க்கரையை, ஈஸ்ட்டைக் கொல்லும் நஞ்சு சேராமல் வெளியே எடுப்பதுதான் பாடு. அமெரிக்க எரிசக்தித் துறை 2007-இல் இதற்காகவே மூன்று மையங்களுக்கு நிதி ஒதுக்கியது. அவற்றில் ஒன்றான கிரேட் லேக்ஸ் பயோஎனர்ஜி ரிசர்ச் சென்டரை வைத்துச் சொல்கிறேன். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் தலைமை, மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் கூட்டு.

முதலில் ஒரு கணக்கு. காய்ந்த மக்காச்சோளத் தட்டை 1 கிலோவில் செல்லுலோஸ் (குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலி) சுமார் 350 கிராம். முழுதும் உடைந்தால் 389 கிராம் குளுக்கோஸ் (உடையும்போது நீர் சேர்வதால் எடை கூடும்). ஒரு கிராம் குளுக்கோஸுக்கு அதிகபட்சம் 0.51 கிராம் எத்தனால். ஆக, 198 கிராம், ஏறத்தாழ கால் லிட்டர். இதுதான் செல்லுலோஸிலிருந்து கிடைக்கக்கூடிய உச்சம். தட்டையில் உள்ள இன்னொரு சர்க்கரைச் சங்கிலியான ஹெமிசெல்லுலோஸில் சைலோஸ் என்ற வேறு சர்க்கரை இருக்கிறது. அதையும் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும். ஆனால் சாதாரண ஈஸ்ட் சைலோஸைத் தொடாது. அதற்கு மரபணு மாற்றிய வகை வேண்டும்.

சங்கிலியைச் சர்க்கரையாக வெட்டுவது நொதி (என்சைம்). அரைத்த தட்டையை அப்படியே நொதியில் போட்டால் பெரும்பகுதி கரையாமல் கிடக்கும். செடிக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருள் வழிமறிக்கும். அதனால் நொதிக்கு முன் தட்டையை இளக்கும் முன்பதப்படுத்தல். 1 சதவீத சல்ஃப்யூரிக் அமிலத்தில் 160 டிகிரியில் சில நிமிடம் வைப்பது பழைய முறை. கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் சைலோஸ் ஃபர்ஃப்யூராலாக மாறிவிடும். சர்க்கரையும் போச்சு, நஞ்சும் சேர்ந்தது. மிச்சிகன் ஸ்டேட்டில் புரூஸ் டேல் வளர்த்தெடுத்த ஏஃபெக்ஸ் முறையில் அமிலத்துக்குப் பதில் அமோனியா. அழுத்தத்தோடு சூடேற்றி, சட்டென்று அழுத்தத்தை விடுவிப்பார்கள். அமோனியா ஆவியாகிப் போவதால் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். ஹெமிசெல்லுலோஸும் தட்டையிலேயே தங்கும்.

அடுத்து நொதி: 50 டிகிரி, பி.எச். 5-ஐ ஒட்டி, சுமார் மூன்று நாள். இங்கே பலர் கவனிக்காதது திடப்பொருள் அளவு. 10 சதவீதம் தட்டை போட்டால் கலக்க எளிது. ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி எத்தனால் 2 சதவீதத்தைத் தாண்டாது. 4 சதவீதமாவது இல்லாவிட்டால் காய்ச்சி வடிக்கும் வெப்பச் செலவே விழுங்கிவிடும். 20 சதவீதம் போட்டாலோ நீர் முழுவதையும் தட்டை உறிஞ்சிக்கொண்டு ஈர மரத்தூள் போல நிற்கும், கலக்கியே சுற்றாது. பகுதி பகுதியாகச் சேர்த்து, முந்தையது இளகிய பிறகு அடுத்ததைப் போட வேண்டும்.

இனி, இத்தனை பேரை ஒரே மையத்தில் சேர்த்ததன் பலன். 2010, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளில் அறுத்த ஸ்விட்ச்கிராஸ் புல்லை ஒரே விதமாக ஏஃபெக்ஸ் செய்து, நொதியிட்டு, ஈஸ்ட் விட்டார்கள். 2012 கடும் வறட்சி ஆண்டு. அந்தப் புல்லின் கரைசலில் ஈஸ்ட் வளரவே இல்லை. காரணம் வயலில் இருந்தது. வறட்சியைத் தாங்கப் புல் கரையும் சர்க்கரையைச் சேர்த்து வைத்திருந்தது. முன்பதப்படுத்தலில் அது சிதைந்து பைரசின், இமிடசோல் என்ற வகை வேதிச் சேர்மங்களாகிவிட்டது. பயிர் ஆள், வேதியியல் ஆள், ஈஸ்ட் ஆள் மூவரும் தனித்தனியாக இருந்தால் "ஈஸ்ட் சரியில்லை" என்று முடித்திருப்பார்கள்.

தாவரத்தில் எந்தப் பொருள் எவ்வளவு என்று அளந்து பரிசோதிப்பவர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வழக்கமான முறையில், நீரிலும் எத்தனாலிலும் கரைபவற்றை முதலில் நீக்குவார்கள். பிறகு 300 மில்லிகிராம் மாதிரியை 3 மில்லி 72 சதவீத சல்ஃப்யூரிக் அமிலத்தில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, 84 மில்லி நீர் சேர்த்து, 121 டிகிரியில் இன்னொரு மணி நேரம் வைத்து, வெளிவரும் சர்க்கரையை அளப்பார்கள். நீக்கிய அந்த நீரை அளக்காமல் கொட்டிவிட்டால் வறட்சியின் தடயமே கண்ணில் படாது. செல்லுலோஸ் எண்ணை மட்டும் பார்த்துப் புல் நல்ல புல் என்று சொல்லிவிடுவோம்.

செடியையே மாற்றும் வேலையும் நடக்கிறது. 2014-இல் வெளியான ஆய்வில், ஏஞ்சலிகா சினென்சிஸ் என்ற சீன மூலிகையின் மரபணுவைப் பாப்லர் மரத்தில் சேர்த்து, லிக்னின் சங்கிலிக்குள் எளிதில் அறுபடும் எஸ்டர் பிணைப்புகளைப் புகுத்தினார்கள். மென்மையான காரத்திலேயே அவை விடுபடும். இப்படிப்பட்ட மரம் வளரும்வரை காத்திருக்கத் தனியார் முதலீடு அவ்வளவாக முன்வராது. பொதுப்பணம் தேவைப்படுவது இங்கேதான்.

இத்தகைய மையங்களின் அறிவிப்புகளைப் படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள். நுண்ணுயிருக்குக் கொடுத்தது உண்மையான தாவரக் கரைசலா, கடைச் சர்க்கரையா? திடப்பொருள் எத்தனை சதவீதம்? விளைச்சலைக் காய்ந்த தட்டையின் எடைக்குச் சொல்கிறார்களா, கரைசலில் இருந்த சர்க்கரைக்குச் சொல்கிறார்களா? "90 சதவீத விளைச்சல்" என்பது இரண்டாவது கணக்கில் வந்திருந்தால், தட்டையிலேயே தங்கிப்போன சர்க்கரை அதில் சேரவில்லை.