எழுத்தை விழுங்கும் கீபோர்டு

மும்பை வாசகர்களின் கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்குப் பதில்கள். இந்த இதழில் ஒயர்லெஸ் கீபோர்டு மட்டும்.

கேள்வி: இரண்டு வருடமாக நன்றாக ஓடிய கீபோர்டு, தீபாவளிக்குப் பிறகு எழுத்தை விழுங்குகிறது. 'வணக்கம்' அடித்தால் 'வணகம்' என்று வருகிறது. சில சமயம் ஒரே எழுத்து வரி முழுக்க ஓடுகிறது. பேட்டரி செல் மாற்றிப் பார்த்தாயிற்று. புதிதாக வந்தது என்றால், போட்டோ சேமிக்க வாங்கிய வெளி ஹார்டு டிஸ்க் மட்டும்தான்.
– வாசகி, மாட்டுங்கா

பதில்: கடைசி வரியில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, நோட்பேடில் ஒரே விசையை நிதானமாக 20 முறை தட்டுங்கள். பிறகு டிஸ்க்கைச் செருகி, ஏதாவது பெரிய ஃபைலை காப்பி செய்ய விட்டு, மறுபடி 20 முறை. முதல் தடவை இருபதும் விழுந்து, இரண்டாம் தடவை பதினாறோ பதினேழோ வந்தால் குற்றவாளி கீபோர்டு அல்ல.

உங்கள் கீபோர்டுக்காகக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் குட்டி ரிசீவர் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது, கேபிளிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் அதே 2.4 பக்கத்தில் ரேடியோ இரைச்சல் கசிகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவர் பக்கத்துத் துளையில் இருந்தால், கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு அருகே உட்கார்ந்து போன் பேசுகிற கதைதான். தமிழ்99 தட்டச்சு முறையில் 'க்க' வர எச் விசையை இருமுறை தட்டுகிறோம். அதில் ஒன்று காற்றில் தொலைந்ததால் 'வணகம்'. எழுத்து ஓடுவதற்கும் இதுவே காரணம்: விசையை அழுத்தியதும் ஒரு செய்தி போகிறது, விட்டதும் இன்னொன்று போகிறது. இரண்டாவது தொலைந்தால், நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும்.

தீர்வு மலிவானது. ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ரிசீவரை அதன் முனையில் செருகி, மேசைமேல் கீபோர்டுக்கு ஓரடி தூரத்தில் வையுங்கள். சிபியு பெட்டியின் பின்பக்கம் வேண்டாம். இரும்புத் தகடு சிக்னலை மறைக்கும், ஸ்டீல் பீரோவை ஒட்டிய மேசை என்றால் இன்னும் மோசம். லேப்டாப் என்றால் டிஸ்க் ஒரு பக்கம், ரிசீவர் மறுபக்கம். அதன் பிறகும் அவ்வப்போது விழுங்கினால், மேசைமேல் இருக்கும் வைஃபை ரவுட்டரைத் தள்ளி வையுங்கள், லேப்டாப்பை அதன் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றுங்கள்.

கேள்வி: மழைக்காலம் முழுக்க ஊரில் இருந்துவிட்டு வந்தேன். கீபோர்டு செத்துக் கிடக்கிறது. செல் போடும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா? ரீசார்ஜ் செல் போட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், செம்பூர்

பதில்: தூக்கிப் போடாதீர்கள். அல்கலைன் செல் கசிந்து, உள்ளிருந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றுப் பட்டு உப்பாகியிருக்கிறது. அது காரம், தோலை அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு செல்லை எடுங்கள். பொடியை வாயால் ஊதாதீர்கள், கண்ணில் படும். பழைய டூத்பிரஷால் கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து உதிர்த்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் வெள்ளை வினிகரை லேசாகத் தொட்டு, ஸ்பிரிங்கையும் எதிர்த் தகட்டையும் துடையுங்கள். சின்னக் குமிழ்கள் வரும். அடங்கும் வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். கடைசியாக ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு, பிறகு ஒரு நாள் காய விடுங்கள். தகட்டில் மினுமினுப்பு வராமல் கறுப்பாகவே இருந்தால், நைஸ் எமரித் தாளால் இரண்டு இழுப்பு போதும். ஸ்பிரிங்கே இற்றுப்போய் உடைந்திருந்தால் மட்டும் ரிப்பேர் கடை.

ரீசார்ஜ் செல் கசிவது குறைவு, உண்மை. ஆனால் அது 1.2 வோல்ட், சாதாரணச் செல் 1.5 வோல்ட். வோல்ட்டேஜை வைத்தே மீதியைக் கணக்கிடும் கீபோர்டு, முழுச் சார்ஜிலும் 'பேட்டரி குறைவு' என்று புலம்பலாம். டைப் ஒழுங்காக வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள். 3.7 வோல்ட் என்று அச்சிட்ட லித்தியம் செல் இதே அளவில் கிடைக்கிறது. உள்ளே கச்சிதமாகப் பொருந்தும், போர்டை எரித்துவிடும். அளவு மட்டும் பார்த்து வாங்காமல் வோல்ட்டையும் படியுங்கள்.

கேள்வி: கே அடித்தால் 2 வருகிறது, யூ அடித்தால் 4. வைரஸா?
– வாசகர், தாராவி

பதில்: வைரஸ் இல்லை, நம்லாக் விசை ஆன் ஆகியிருக்கிறது. நம்பர் பகுதி இல்லாத சின்னக் கீபோர்டுகளில் வலது கை எழுத்துகளுக்குள்ளேயே எண்களை ஒளித்து வைத்திருப்பார்கள்: யூ, ஐ, ஓ என்றால் 4, 5, 6, ஜே, கே, எல் என்றால் 1, 2, 3. எஃப்என் விசையோடு நம்லாக்கைத் தட்டினால் சரியாகும். அந்த விசையே கண்ணில் படவில்லையென்றால் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதில் கீபோர்டு, அங்கே ஆன்-ஸ்கிரீன் கீபோர்டை இயக்குங்கள். திரையில் கீபோர்டு வரும். அதன் ஆப்ஷன்ஸில் எண் பகுதியை டிக் செய்தால் நம்லாக் தெரியும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. லேசாகத் தட்டினால் எழுத்தே வராது, விசையைப் பிடித்து அழுத்தினால்தான் வரும். யோசித்துக்கொண்டே வலது ஷிஃப்ட் மீது 8 விநாடி விரலை வைத்திருந்தால் விண்டோஸ் ஃபில்டர் கீஸை இயக்கலாமா என்று கேட்கும். நாம் படிக்காமலே 'யெஸ்' கொடுத்துவிடுவோம். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதில் கீபோர்டு, அங்கே அணைத்துவிடலாம்.

கேள்வி: ப்ளூடூத் கீபோர்டு. போன் பேசிவிட்டு வந்து டைப் செய்தால் முதல் மூன்று எழுத்து காணாமல் போகிறது. பயாஸுக்குள் (விண்டோஸ் வருமுன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) போனால் சுத்தமாக வேலை செய்வதில்லை.
– வாசகி, முலுண்ட்

பதில்: முதலாவது பழுதல்ல. செல்லை மிச்சம் பிடிக்க அது தூங்கிவிடுகிறது. ஷிஃப்டை ஒரு தட்டு தட்டி எழுப்பிவிட்டு, ஒரு விநாடி பொறுத்து டைப் செய்யுங்கள். அரை நிமிடம் வரை இணைப்பே வராவிட்டால்தான் வேலை: டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், மின்சாரம் சேமிக்க அணைக்கும் டிக்கை எடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ஒரு சாதனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற 1, 2, 3 என்று தனிப் பட்டன் உள்ள கீபோர்டா? விரல் தவறி 2 பட்டிருந்தால், நீங்கள் அடிப்பதெல்லாம் பக்கத்து அறை டிவிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பயாஸில் ப்ளூடூத் பெரும்பாலும் உயிர்பெறுவதே விண்டோஸ் வந்த பிறகுதான். ரிசீவர் வைத்த கீபோர்டு அங்கேயும் வேலை செய்யும், ஏனென்றால் கம்ப்யூட்டருக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்டு. அவசரத்துக்கு ஒரு பழைய ஒயர் கீபோர்டைப் பரணில் போட்டு வையுங்கள்.

கேள்வி: லோக்கல் ரயிலில் ரிசீவரைத் தொலைத்துவிட்டேன். அது மட்டும் தனியாகக் கிடைக்குமா?
– வாசகர், கல்யாண்

பதில்: கீபோர்டின் அடியில் ஆரஞ்சு நிற நட்சத்திரம் போன்ற குறி இருந்தால் அது லாஜிடெக் யூனிஃபையிங் வகை. அதே குறியுள்ள வேறு ரிசீவரை வாங்கி, அவர்களுடைய மென்பொருளில் சேர்க்கலாம். ஒன்றில் 6 சாதனம் வரை சேரும். 2021இல் வந்த போல்ட் ரிசீவர் இதற்குச் சேராது, கவனம். குறி எதுவும் இல்லாத மலிவுக் கீபோர்டு என்றால், தொழிற்சாலையில் போட்ட முடிச்சு; அந்த ரிசீவர் போனால் கீபோர்டும் போனது மாதிரிதான். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்குக் கீபோர்டையும் கையோடு எடுத்துப் போங்கள். கடையிலேயே சேர்த்து, நாலு வரி டைப் செய்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேள்வி: டீ கொட்டிவிட்டது. சர்க்கரை போட்ட டீ.
– வாசகி, சயான்

பதில்: முதலில் செல்லைக் கழற்றுங்கள். கவிழ்த்து வைத்து இரண்டு நாள் காற்றாட விடுங்கள். ஹேர் டிரையர் சூடு உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தாள்களை நெளித்துவிடும். ஓரிரு விசை மட்டும் ஒட்டினால், அந்த விசையின் மேல்மூடியைக் கழற்றி ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். ஸ்பேஸ் பாரைத் தொடாதீர்கள், அடியில் உள்ள கம்பியை மீண்டும் மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும். பக்கத்தில் பக்கத்தில் இல்லாத நாலைந்து விசைகள் ஒன்றாகச் செத்திருந்தால், உள்தாளில் அவற்றை இணைக்கும் ஒரே கோடு அரித்துவிட்டது என்று அர்த்தம். புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.