தாத்தாவின் மேட்டூர் நோட்டு

கேள்வி: என் அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து 2006-ல் ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பெரும்பகுதி மேட்டூர் அணையில்தான். எட்டு மாதத்துக்கு முன் தவறிவிட்டார். முதல் வருஷ நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போடலாம் என்று இருக்கிறோம். அப்பா வகித்த பதவிகளும் பார்த்த வேலைகளும் வரிசையாக இருந்தால்தான் மரியாதை என்கிறார் அண்ணன். எனக்கோ என் 10 வயது மகனிடம் அவர் எப்படி இருந்தார் என்பதை எழுத ஆசை. தினமும் காலையில் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்து இரண்டு பேரும் ஒரு நோட்டில் எழுதுவார்கள். அப்பா போன பிறகும் மகன் அதை விடவில்லை. "பிள்ளை ஏங்கிப் போயிடுவான், நோட்டை எடுத்து உள்ளே வை" என்கிறார் அம்மா. என்ன செய்வது?
ஒரு வாசகி, சேலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் நோட்டு விஷயம். தயவுசெய்து அதை எடுத்து வைக்காதீர்கள்.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய இரண்டு பக்கங்களையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் பென்சிலில் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். தேதி, அடி, வரத்து, திறப்பு, டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடித் தண்ணீர்). மேலே உங்கள் அப்பாவின் கையெழுத்து, ஏழுக்கு நடுவில் சின்னக் கோடு போடுகிற பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. ஒரு தேதியோடு அது நின்றுவிடுகிறது, அடுத்த வரியிலிருந்து உங்கள் மகன் எழுதியிருக்கிறான், அவனும் ஏழுக்குக் கோடு போடுகிறான். அந்த இடத்தில் மூன்று நாள் கணக்கு மட்டும் வேறு மையில் இருக்கிறதே, கவனித்தீர்களா? வீட்டில் யாருக்கும் எதுவும் ஓடாத நாட்கள் அவை. அப்புறம் பழைய பேப்பரைத் தேடி எடுத்து அந்த மூன்று வரியையும் நிரப்பியிருக்கிறான். ஒரு நாள்கூட விடுபடாமல் பதிவு இருக்க வேண்டும் என்பதை அவன் தாத்தாவிடம்தானே கற்றிருப்பான். ஏங்கிப் போகிற பிள்ளை செய்கிற காரியமாக எனக்கு அது தெரியவில்லை. துக்கம் இருக்கும்தான், இல்லாமல் எப்படி? அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் அம்மாவையும் ஒரு நாள் காலையில் அவன் எழுதும்போது கூட உட்காரச் சொல்லுங்கள். அவர் பயமும் அந்தப் பிள்ளை மேல் உள்ள பாசத்தில் வருவதுதான்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் கேட்பதில் தப்பு இல்லை. உதவிப் பொறியாளராகச் சேர்ந்த வருஷம், எந்தெந்த உட்கோட்டம், எப்போது செயற்பொறியாளர் ஆனார் என்பதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஞாபகத்திலிருந்து எழுதாமல் பென்ஷன் புத்தகத்தையும் பழைய ஆர்டர்களையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள், தப்பான வருஷம் அச்சாகிவிட்டால் எம்-புக்கில், அதாவது வேலையின் அளவுகளைப் பதிகிற புத்தகத்தில், எழுதியே பழகிய மனுஷருக்கு அது பொறுக்காது. ஆனால் ஒரே பக்கம். எங்கள் தாத்தாவுக்கும் ஒரு நினைவு மலர் போட்டார்கள், முழுக்கப் பதவியும் பாராட்டும் இரங்கல் கவிதையும். இன்று என் பிள்ளைகள் "அவர் எப்படிப் பேசுவார்?" என்று கேட்டால் அந்தப் புத்தகத்தில் தேட எதுவுமே இல்லை. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.

நீங்கள் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தால் ஒரு டிஎம்சி என்று தாத்தா சொல்லிக்கொடுத்து, பேரன் அதை ஒரு நாளின் 86,400 விநாடியால் பெருக்கிப் பார்த்து "தாத்தா, கொஞ்சம் குறையுது!" என்றானாம், அவர் எழுந்து போய் அவனுக்குக் கடலைமிட்டாய் எடுத்து வந்தாராம். இதில் பொறியாளர் எங்கே முடிகிறார், தாத்தா எங்கே ஆரம்பிக்கிறார், சொல்லுங்கள்? அண்ணன் கேட்கிற அப்பாவும் நீங்கள் கேட்கிற அப்பாவும் இந்த ஒரு சம்பவத்தில் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படிப் பத்துச் சம்பவம் போதும், புத்தகம் ஆகிவிடும்.

2024 கோடையில் அணை வற்றி, பண்ணவாடியில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பழைய கோயிலின் நந்தி சிலை வெளியே தெரிந்தபோது பேரனை அங்கே கூட்டிக்கொண்டு போனாரே, அதை எழுதுங்கள். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களைப் பற்றி அவனிடம் என்ன சொன்னார் என்று அவனையே கேளுங்கள், அவன் வார்த்தையிலேயே போடுங்கள், திருத்தாதீர்கள். அந்த வருஷம், பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-ல் தண்ணீர் திறக்க முடியவில்லை, அப்புறம் ஒரே மாதத்தில் சரசரவென்று ஏறி ஜூலை 30-ல் 120 அடி நிரம்பியது. நோட்டில் அந்த ஜூலைப் பக்கம் கட்டாயம் இருக்கும். அதை அப்படியே படமாகப் போடுங்கள்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள். ஜூன் 12 என்றால் எங்கள் ஊரில் பெரியவர்கள் வாயில் வேறு பேச்சே இருக்காது. மேட்டூரில் திறந்துவிட்டார்கள், கல்லணைக்கு வர மூன்று நாளோ நாலு நாளோ என்று கணக்குப் போட்டுக்கொண்டு, வாய்க்காலில் நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாம் கூடவே ஓடுவோம். அந்தத் தண்ணீரை அனுப்பிய இடத்தில் ராத்திரி பகலாக அளவு பார்த்து நின்ற மனிதர்களைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் நினைத்தேன். 93.47 டிஎம்சி கொள்ளளவு என்று பேப்பரில் படித்துவிட்டுப் போய்விடுகிறோம், அந்த அணையின் ஒவ்வொரு மதகின் சத்தமும் காதில் பழகிய ஒருவர் உங்கள் வீட்டில் இருந்திருக்கிறார்.

கோபக்காரர் என்றும் எழுதியிருந்தீர்கள். மறைக்க வேண்டாம். 2005 வெள்ளத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வராமல், நாலாம் நாள் வந்து சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளியவர், பேரன் பிறந்த பிறகு அவன் கொட்டிய பாலைத் தானே துடைத்தார் என்றால் இரண்டும் வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதின் அருமை படிக்கிறவனுக்குத் தெரியாது.

அம்மாவிடம் மேட்டூர் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையைக் கேட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுதித் தரச் சொன்னால் "எனக்கு என்ன தெரியும்" என்பார், சமையல் வேலையில் இருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் வந்துவிடும். படங்களுக்குக் கீழே யார், எந்த இடம், எந்த வருஷம் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

இன்னொன்று, அவசரமானது. அப்பாவோடு வேலை பார்த்த லஸ்கர் (மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) ஒருவர் மேட்டூரில் இருக்கிறார், எண்பது வயதுக்கு மேல் என்று கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பதினாறு கண் மதகில் வெள்ளம் போன ராத்திரிகளில் உங்கள் அப்பா எப்படி இருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும், உங்களுக்கோ அண்ணனுக்கோ தெரியாது. மற்ற வேலை எல்லாம் அப்புறம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். அண்ணனையும் கூப்பிடுங்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள், நோட்டும் அவன் கையில் இருக்கட்டும்.