ஊர்ப் பக்கம் லாரி வேலை: நெரிசல் இல்லாத லோடு எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (சாயல்குடி வாசகர்): ஆறு வருடமாகச் சென்னையில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். துறைமுக வரிசையில் நிற்பதும், நகரத்துக்குள் முதல் கியரிலேயே ஊர்வதும் இடது முழங்காலையும் மனசையும் கெடுத்துவிட்டன. ஊரோடு வந்துவிட நினைக்கிறேன். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நெரிசலில் மாட்டாத லாரி வேலை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை காலியாகக் கிடக்கிறதே என்று மட்டும் பார்த்து வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். நூறு கிலோமீட்டர் காலிச் சாலையில் ஓடிவிட்டுக் கடைசிப் பத்து கிலோமீட்டரைக் காலை ஒன்பது மணிக்கு மதுரைக்குள் ஓட்டினால், அன்றைய அலுப்பு முழுக்க அந்தப் பத்தில்தான் இருக்கும். லோடு எங்கே இறங்குகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பது உப்பு லோடு. மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்களில் ஏற்றி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடிப் பக்கத்து ஆலைகளில் இறக்கும் வேலை. பகல் ஓட்டம், ஒரே பாதை, இரவு வீட்டில் சாப்பாடு. முழங்கால் வலி உள்ளவருக்கு இதுதான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. சாலையில் டாப் கியர் போட்டுவிட்டால் வெகுதூரத்துக்குக் கிளட்ச்சை மிதிக்க வேண்டியிருக்காது.

இதிலும் சிரமம் உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது. அளத்துக்குள் போகும் மண் வரப்புப் பாதை, மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் சேறாக இருக்கும். ஓரச் சக்கரம் இறங்கினால் லோடு வண்டி சாய்ந்துவிடும். முதல் தடவை போகும் அளத்தில் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள். டிப்பரில் ஈர உப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். தொட்டியைத் தூக்கும்போது உப்பு ஒரு பக்கம் சரிந்து, மறுபக்கம் தகட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எடை ஒரு பக்கமாகி வண்டி கவிழ்வது இப்படித்தான். சமதரையில் நிறுத்துங்கள். மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். பாதி தூக்கியதும் ஒரு நிமிடம் நிறுத்தி உப்பு சரிகிறதா என்று கவனியுங்கள். ஒட்டிக்கொண்டால் தொட்டியைக் கீழே இறக்கிவிட்டு மண்வெட்டியால் கிளறிவிடுங்கள். வண்டியை முன்னும் பின்னும் வெட்டி உதறவே கூடாது.

எடையை எழுத்தில் பாருங்கள். பத்துச் சக்கர லாரிக்கு லோடோடு சேர்த்து அனுமதி 28.5 டன். வண்டியின் சொந்த எடை பத்து டன் என்றால் பதினெட்டரை டன்தான் ஏற்றலாம். ஈர உப்பு கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும், எடைமேடையில் ஏறினால்தான் உண்மை தெரியும். கூடுதல் எடைக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இதை யார் கட்டுவது என்று வேலையில் சேரும் அன்றே முதலாளியிடம் பேசிவிடுங்கள்.

உப்பு வண்டியைத் தின்னும். பிரேக் குழாய், லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை இறுக்கும் யூ போல்ட், பேட்டரி முனை, எர்த் வயர் ஆகியவைதான் முதலில் அரிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிச்சட்டத்தைக் கழுவித் துருத்தடுப்பு எண்ணெய் அடிக்காத முதலாளியிடம் சேர்ந்தால், ஒரு நாள் பிரேக் காற்று இறங்கி நடுச்சாலையில் நிற்பீர்கள். சேருவதற்கு முன் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த முதலாளியைப் பற்றி ஊரார் சொல்வதைவிட அந்த அடிச்சட்டம் அதிகம் சொல்லும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு விளைச்சல் நின்றுவிடும். அம்பாரத்தில் மூடி வைத்த உப்புதான் போகும், டிரிப் குறையும். தை, மாசியில் ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானைப் பக்கம் நெல், அதை ஒட்டி முண்டு மிளகாய், கமுதி, முதுகுளத்தூரில் கரிமூட்டக் கரி என்று லோடு மாறும். கரி ஏற்றினால் ஒன்று முக்கியம்: சரியாக ஆறாத கரி மூட்டைக்குள்ளேயே மறுபடி கனன்று பற்றிக்கொள்ளும். மூட்டையில் கை வைத்துச் சூடு பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஏற்ற மறுத்துவிடுங்கள்.

சேருவதற்கு முன் ஒரு டிரிப் கிளீனர் இருக்கையில் உட்கார்ந்து போய்வாருங்கள். மாதச் சம்பளமா, டிரிப் கணக்கா, ஏற்ற இறக்கக் காத்திருக்கும் நாளுக்குப் படி உண்டா, டீசல் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேளுங்கள். டிரிப் கணக்கு மட்டும் என்றால் காத்திருப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும். அந்த நேரத்தை ஈடுகட்டத்தான் ஓட்டுநர்கள் வேகம் எடுக்கிறார்கள்.

கேள்வி (மண்டபம் வாசகர்): மீன் வண்டி ஓட்டக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் நன்றாக இருக்கிறது. போகலாமா?

பதில்: நெரிசல் ஒன்றுதான் கவலை என்றால் போகலாம். மீன் மார்க்கெட்டுக்கு விடியுமுன்னே போய்ச் சேர வேண்டும் என்பதால், மதுரையானாலும் திருச்சியானாலும் ஊர் தூங்கும் நேரத்தில்தான் நுழைவீர்கள். அதற்கு நீங்கள் கொடுப்பது உங்கள் தூக்கம். இரவு இரண்டு முதல் ஐந்து வரை கண் அசரும் நேரம். தாமதமானால் விலை விழும் என்ற நெருக்கடியும் கூடவே வரும். பகலில் ஆறேழு மணி நேரம் இருட்டறையில் தூங்க வீட்டில் வசதி இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பெட்டியில் ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ், அடியிலும் மேலேயும் ஐஸ் என்று அடுக்கியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஐஸ் குறைத்து அடுக்கிய மீன் கெட்டால் பழி ஓட்டுநர் மேல் வரும். உருகும் தண்ணீர் சாலையில் ஒழுகாமல் தொட்டியில் சேர வேண்டும். பின்னால் வரும் இருசக்கர வண்டி அந்தத் தண்ணீரில்தான் வழுக்குகிறது.

விசைப்படகு மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளும் லோடு ஒடுங்கிவிடும். உப்பு மும்முரமாக விளைவதும் அதே கோடையில்தான். இரண்டையும் பிடித்து வைத்திருப்பவருக்கு வருடம் முழுக்க வேலை இருக்கும்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): என்னிடம் கார் லைசென்ஸ் மட்டும் இருக்கிறது. எந்த அளவு வண்டி ஓட்டலாம்?

பதில்: லோடோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்டலாம். உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் இதை உறுதி செய்தது. வண்டியின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்ன என்று பாருங்கள். அதற்கு மேற்பட்ட லாரிக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். பெட்ரோல், கேஸ் டேங்கருக்குத் தனியாக மூன்று நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிய வேண்டும். குட்டி யானையில் தேங்காய், ஐஸ், தண்ணீர் கேன் ஓட்டி ஒரு வருடம் கை பழகிவிட்டு ஹெவிக்குப் போவது நல்லது.

கேள்வி (உச்சிப்புளி வாசகர்): ராமேஸ்வரத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலை. பாம்பன் பாலத்தில் எப்போதும் நெரிசல்தானே?

பதில்: எப்போதும் இல்லை. சனி, ஞாயிறு, தை, ஆடி, மகாளய அமாவாசைகள், பள்ளி விடுமுறை ஆகிய நாட்களில் கடல் பார்க்க வண்டிகளைப் பாலத்தின் மேலேயே நிறுத்துவார்கள். அந்த நாட்களில் காலை ஆறுக்குள் தீவுக்குள் போய்விடுங்கள், திரும்புவதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெரிசலைவிடக் காற்றுக்கு அதிகம் பயப்படுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று, காலிப் பெட்டி வண்டியைப் பாய்மரப் படகைப்போல் தள்ளும். லோடு வண்டி தாங்கும், காலி வண்டிதான் ஆடும். பாலம் ஏறுமுன் பின்கதவும் தார்ப்பாயும் இறுக்கமா என்று பாருங்கள். வேகத்தை முப்பதுக்குக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடியுங்கள். எதிரே வரும் பேருந்து காற்றை மறைக்கும் நொடியில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அது கடந்ததும் மறுபக்கம் தள்ளும். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாமல் சிறிது சிறிதாகத்தான் சரிசெய்ய வேண்டும்.