கடற்படை அதிகாரி ரிம்ஸ்கி-கோர்சகோவ் எப்படி அரசு அலுவலர் ஆனார்?

இசையமைப்பாளர் என்று உலகம் அறிந்த நிக்கோலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவ், ரஷ்யப் பேரரசின் கடற்படை அதிகாரியாகத்தான் பணியைத் தொடங்கினார். 'அல்மாஸ்' கப்பலில் 1862 முதல் 1865 வரை நியூயார்க், ரியோ டி ஜெனிரோ எனச் சுற்றி வந்தார். 1871-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் பேராசிரியரானபோதும் அதிகாரியாகவே நீடித்ததால், சீருடையில்தான் பாடம் நடத்தினார்.

1873-ல் அவர் சீருடையைக் கழற்றினார். கடற்படை வாத்தியக் குழுக்களின் ஆய்வாளர் என்ற புதிய சிவில் பதவி அவருக்காகவே உருவாக்கப்பட்டது. சீருடைப் பணியிலிருந்து சிவில் பணிக்கு இப்படி மாற வழிசெய்தது, ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1722-ல் கொண்டுவந்த தரவரிசைப் பட்டியல்: அரசுப் பணி முழுவதற்கும் 14 படிநிலைகள். ஒரே கட்டடத்தில் தரைப்படை, கடற்படை, சிவில் என்று தனித்தனி மாடிப்படிகள் இருப்பதுபோல. எதில் ஏறினாலும் அதே தளங்கள்தான். கடற்படையின் முதல்நிலை கேப்டனும் சிவில் பணியின் 'கொலீஜிய ஆலோசகரும்' ஆறாம் தளத்துக்காரர்கள்.

பதவி வெறும் அலங்காரம் அல்ல. குழுக்களை நேரில் சோதித்தார். கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாம் தாமே வாசித்துப் பழகினார். பிற்காலத்தில் அவரது வாத்திய அமைப்பு (இசையில் எந்தப் பகுதியை எந்த வாத்தியம் வாசிப்பது என்று பிரித்துத் தரும் கலை) பேர்பெற்றதில் இதற்கும் பங்குண்டு என்பேன். 1884-ல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டது.

இசைக்காக அவர் 1873-லேயே அரசுப் பணியை உதறிவிட்டார் எனப் பலர் நினைக்கிறார்கள். உதறியது அதிகாரிப் பொறுப்பை மட்டுமே, சம்பளம் கடற்படைத் துறையிலிருந்துதான் வந்தது.