வீட்டு மாடியில் சபை: தாசில்தார் முன் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?

கேள்வி: ஆற்காடு பக்கத்துக் கிராமத்தில் என் சொந்த வீட்டு மாடியில் நான்கு வருடமாக ஞாயிறு ஆராதனை நடத்துகிறேன். அறுபது பேர் வருவார்கள், மைக் கிடையாது. ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுத்தவன் நான். அதே ஊர்க்காரர்கள் புகார் கொடுக்க, தாசில்தார் சமாதானக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார். வேலூர் கலெக்டருக்கு அனுப்பிய மனுவுக்குப் பதிலே இல்லை. அரசியல் சாசன உரிமை எங்கே போயிற்று?

பதில்: எங்கும் போகவில்லை. ஆனால் மத சுதந்திரம் தரும் சாசனத்தின் 25-ஆவது பிரிவே பொது ஒழுங்குக்கு உட்பட்டதுதான். திருவிழா வரி கொடுத்ததும், ஊரார் மாறிப்போனதும் வழக்குக்கு உதவாது. நடப்பது குடும்ப ஜெபமா, பொது வழிபாடா என்பது மட்டுமே கேள்வி. பொது வழிபாட்டுக் கட்டிடம் என்றால் கட்டிட விதிகளின்படி கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். சொந்தப் பட்டா, மைக் இல்லை என்பதெல்லாம் அதற்குப் பதிலாகாது. வாசலில் சபைப் பலகை, காணிக்கை ரசீது, யூடியூப் நேரலை இருந்தால் 'குடும்ப ஜெபம்' என்று வாயே திறக்காதீர்கள்.

ஆபத்து அந்தச் சமாதானக் கூட்டத்தில்தான். எழுத்தர் ஒரு தாளை நீட்டுவார்: 'அனுமதியின்றி நடத்திவந்த சபையை இனி நடத்தமாட்டேன்.' பிரச்சினை முடிந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 'அனுமதியின்றி', 'சபை' இரண்டையும் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் அரசு வக்கீல் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான். மறுபடி கூடினால் ஆர்.டி.ஓ. முன் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 126-இன் கீழ் அமைதி காக்கப் பிணைப் பத்திரம் கேட்கும் நடவடிக்கை, அதோடு கட்டிடத்துக்கு சீல் என்று போகும். அச்சடித்த தாளில் கையெழுத்து வேண்டாம். 'பொது அமைதிக்குக் கட்டுப்படுவேன், அனுமதி கோரி கலெக்டரிடம் மனு செய்கிறேன்' என்று உங்கள் கையால் எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? மிரட்டி வாங்கினார்கள் என்று இப்போது கதை கட்டாதீர்கள், எடுபடாது.

மனு போன இடமும் தப்பு. 2019-இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து ஆற்காடு ராணிப்பேட்டையில் இருக்கிறது. பழைய பத்திரத்தில் வேலூர் என்றிருப்பதைப் பார்த்து பலர் அங்கே அனுப்புகிறார்கள். ராணிப்பேட்டை கலெக்டருக்குப் பட்டா, கட்டிட வரைபடம், வருவோர் எண்ணிக்கை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் இணைத்துப் புதிதாகக் கொடுங்கள். வருவாய்த் துறையிடமும் போலீசிடமும் அறிக்கை கேட்பார்கள். போலீஸ் அறிக்கையில் 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' என்று ஒரு வரி விழுந்தால் மனு அங்கேயே படுத்துவிடும்.

அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: ஊராரோடு ராசியாகுங்கள். அனுமதி வரும்வரை மாடியை மூடிவிட்டு, பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் தேவாலயத்தில் மதிய நேரம் கேட்டு வாங்குங்கள். கலெக்டர் மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். உயர்நீதிமன்றத்தில் தாக்குவதற்கு அந்த உத்தரவு கையில் இருக்க வேண்டும்.