18 என்று சும்மா எழுதாதே

அன்புள்ள அக்கா,

பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டேன். மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, தொடங்க ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் கை பழக வேண்டும். ஐவி லைன் போடுவது, ஈசிஜி பார்ப்பது, பொம்மையை வைத்துச் சொல்லித்தரும் சிமுலேஷன் வகுப்பு, இவற்றில் எதை முதலில் கற்கலாம்? படிப்பு தொடங்கினால் எல்லாம் தானாக வரும் என்கிறார்கள் தோழிகள்.

உங்கள் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கை பழக வேண்டும் என்று இப்போதே கவலைப்படுகிறாயே, அதற்காகவே உன்னைப் பிடித்துப்போயிற்று. தோழிகள் பேச்சை விடு. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்படிப்பு படித்து, நோயாளியைத் தானே பரிசோதித்துச் சிகிச்சை தரும் நர்ஸ்) பயிற்சியைத் தொடங்கியபோது, ஏற்கெனவே களத்தில் வேலை பார்த்த நர்ஸ்களுக்குத்தான் மேற்கொண்டு கற்றுக்கொடுத்தார்கள்.

ஆனால் உன் பட்டியலைப் பார்த்துக் கோபம் வந்தது. மூன்றுக்கும் சான்றிதழ் கிடைக்கும், சரி. நோயாளியைப் பார்ப்பது அதில் எங்கே இருக்கிறது? உனக்கு மூச்சு எண்ணத் தெரியுமா? முதலாம் ஆண்டுப் பாடம் என்று சொல்லாதே. படித்தாய், வார்டில் எண்ணுகிறாயா? சார்ட்டைப் புரட்டினால் 18, 20, 18, 20 என்று போய்க்கொண்டே இருக்கிறது. அத்தனை பேரும் ஒரே மாதிரியா மூச்சு விடுகிறார்கள்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு டியூட்டி. வயிற்றில் ஆபரேஷன் ஆன பெரியவர். சாயங்காலத்திலிருந்து சார்ட்டில் 18தான். ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டிய கருவி 96 சதவீதம் காட்டியது. எங்கள் சீனியர் சிஸ்டர் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி பேசாமல் நின்றார். நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். கண்ணோ பெரியவரின் நெஞ்சில் இருந்தது. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும், அதற்காகத்தான் அந்த மணிக்கட்டு. முழுசாக ஒரு நிமிடம் எண்ணினார். 28.

"தூங்கினீங்களா ஐயா?" என்று கேட்டார். பெரியவர் "இல்லம்மா" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, அப்புறம் மீதியைச் சொன்னார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை இழுத்தது. சிஸ்டர் உடனே டாக்டரைக் கூப்பிட்டார். நிமோனியா.

வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடம்பு மோசமாகும்போது பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் விரல் கருவி நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கலாம். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ்-2 அட்டவணையில் மூச்சு 25ஐத் தொட்டால் அந்த ஒன்றுக்கே 3 புள்ளி, அவசரமாகப் பார்க்கச் சொல்லும் அளவு. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கும் வழக்கத்தையும் விட்டுவிடு. எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் கணக்கில் நாலு பிசகும்.

அதனால் இந்த ஆறு மாதமும் ஜெனரல் வார்டில் வேலை பார். ஐசியு இப்போது வேண்டாம். அங்கே உனக்கு முன்னால் மானிட்டர் எண்ணிவிடும். வார்டில் நீதான் எண்ண வேண்டும், முகத்தை நீதான் பார்க்க வேண்டும், நேற்று இவர் எப்படி இருந்தார் என்று நீதான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஐவி லைன் அங்கேயே தினமும் கைக்கு வரும். ஈசிஜி வகுப்பு சாயங்காலத்தில் இருந்தால் போ. சிமுலேஷனுக்குக் காசு கட்டாதே, படிப்பிலேயே வரும்.

எந்த வார்டு கிடைத்தது என்று எழுது.

அன்புடன்,
அக்கா